உப்புத் தொட்டியும் சுண்ணாம்புத் தெளிவும்



போன இதழில் மீன் தொட்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பவளப் பாறை வைத்த கடல் தொட்டி வீட்டில் வைக்கலாமா? கைக்குழந்தை இருக்கிறது, அடிக்கடி கவனிக்க முடியாது" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் என் நாத்தனார் வீட்டில் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. இரண்டு மாதம் கூடவே இருந்து பார்த்ததில் நம்ம ஊருக்கு எது ஒத்துவரும் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை! உயிருள்ளது மட்டுமில்லை, ஷோகேஸில் வைக்கிற வெள்ளைப் பவளக் கிளையை வாங்குவதும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளத்தை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அதனால் நமக்குக் கடைக் கல்லும், இரண்டு கோமாளி மீனும் போதும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

"பக்கத்திலேயே கடல் இருக்கே, ஒரு குடம் மொண்டு வந்தால் ஆச்சு" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். காசிமேட்டுத் தண்ணீரில் படகு எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்ததை மறந்துவிட முடியுமா? சமையல் உப்பும் உதவாது. கடல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதில் ஏது? வண்ண மீன் கடையில் விற்கும் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரையுங்கள்.

ரசம் கொதித்துச் சுண்டினால் உப்புக் கரிக்கும் இல்லையா? தொட்டியிலும் அதேதான். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, குறைந்த அளவுக்கு வெறும் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் கூடாது.

மீன் உடனே வேண்டாம். மாவு புளிக்காமல் இட்லி ஊற்றுவோமா? மீனின் கழிவு முதலில் அம்மோனியா ஆகும், அது நைட்ரைட், பிறகு நைட்ரேட். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். அவற்றை மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைப் பெட்டியில் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். நைட்ரேட்டைக் குறைக்க, நம் இதழ் வீட்டுக்கு வரும் நாளில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள், நாளும் மறக்காது! பெரிய தொட்டி, குறைந்த மீன், அளவான தீனி. வேலை மிச்சமாவது இதில்தான்.

நாத்தனார் வீட்டில் நான் அசந்து போனது சுண்ணாம்பைப் பார்த்துத்தான். பவளம் தன் உடம்பைச் சுண்ணாம்பாலேயே கட்டிக்கொள்கிறது. தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்க வேண்டும். அது குறையாமலிருக்க, நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த மேல் நீரை இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். நம் பாட்டிமார் எடுத்த அதே தெளிவு! ஒரே மூச்சில் கொட்டினால் காரம் ஏறி மீன் செத்துவிடும். வெந்நீர் அண்டாவில் படிவது போலச் சுண்ணாம்பும் வீணாய்ப் படிந்துவிடும். கண்ணில் பட்டால் புண்ணாகும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு இது தேவையே இல்லை. தண்ணீர் மாற்றுவதிலேயே காரத்தன்மை 8.1-லிருந்து 8.4-க்குள் நிற்கும்.

மே மாதச் சூட்டுக்குத் தண்ணீரின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடினால் குளிரும், நல்ல தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டிவரும். கரண்ட் போனால் பாட்டரி காற்று மோட்டார் வேண்டும். இரும்பு ஸ்டாண்டு வேண்டாம். எங்கள் ராயபுரத்தில் ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் அரித்துப் போகிறது!

கேட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை: குழந்தை பிடித்து நிற்கும் வயதில் கனமான தொட்டி ஆடாத இடத்தில் இருக்கட்டும். வயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறினால், வழியும் தண்ணீர் பிளக்கில் இறங்காமல் கீழே சொட்டிவிடும். சோதனை மருந்துப் புட்டிகள் பரணில்தான். என்னைக் கேட்டால், இந்த வருஷம் கொளத்தூர் போய் நாலு கப்பி மீன் வாங்கி நன்னீரில் விடுங்கள். உப்புத் தொட்டியைக் குழந்தை பள்ளிக்கூடம் போகிற வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.