மிக்சரும் தீர்ப்பும்

“அந்தப் படத்தையெல்லாம் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கணும் தோழர்.” தொண்ணூறுகளின் பெரிய வீட்டுப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் சொல்வது இது. பகலில் அவற்றைச் சாதிப் பெருமைப் படங்கள் என்று எழுதுகிறோம். இரவில் யூடியூபில் அவற்றின் நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுச் சிரிக்கிறோம். எனக்கு அந்தச் சிரிப்போடு சண்டையில்லை. மூளையைக் கழற்றுவதோடுதான் சண்டை.

சங்கப் பாடலை எடுத்தால் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டது: இது யார் கூற்று, கேட்பவர் யார்? அகநானூற்றுக்குச் செய்தால் ஆய்வு, ‘நாட்டாமை’க்குச் செய்தால் வெட்டி வேலை என்கிறார்கள். செய்துதான் பார்ப்போமே.

தீர்ப்பை மாற்றிச் சொல்லும்படி நாட்டாமையிடம் கேட்கும் அந்த வசனத்தைத் தேர்வு முடிவிலிருந்து கிரிக்கெட் நடுவர் வரை எல்லாவற்றுக்கும் மீமாகப் போடுகிறோம். அது பொன்னம்பலம் நடித்த பாத்திரத்தின் கூற்று. ஒரு பெண்ணை வல்லுறவு செய்தவன் அவன். அவளையே அவன் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. அவளுடைய விருப்பம் கதைக்குத் தேவைப்படவில்லை. தீர்ப்பு சொன்னவர் அதற்காகவே சுடப்பட்டுச் சாகிறார். அந்தச் சாவு தீர்ப்பைப் புனிதமாக்கிவிடுகிறது. படம்தானே என்று தள்ளவும் முடியவில்லை. 2015இல் வல்லுறவு வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வல்லுறவு வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்ன பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

தீர்ப்பு தவறலாம் என்பது படத்துக்கும் தெரியும். தம்பியைக் குற்றவாளி என்று ஒதுக்கிவைத்த மூத்த சரத்குமார், தவறு தெரிந்ததும் அந்த அதிர்ச்சியிலேயே உயிரை விடுகிறார். எங்கிருந்து வந்த காட்சி என்று சொல்லவே வேண்டாம், மதுரைப் பாண்டியன்தான். ஆனால் சிலம்பில் அரசனின் முகத்துக்கு நேரே வழக்குரைத்தவள் ஒரு பெண். அதன் பின் நகரம் எரிந்தது. இங்கே எதுவும் எரிவதில்லை. அப்பாவுக்குப் பின் அண்ணன், அண்ணனுக்குப் பின் தம்பி என்று அதே திண்ணை கைமாறுகிறது. தம்பிக்கு இழைத்த பிழை உயிரைக் கேட்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சொன்ன தீர்ப்பு கடைசிவரை பிழையாகவே எண்ணப்படவில்லை.

படம் வெளிவந்தது 1994 தீபாவளிக்கு. அதே ஆண்டு ஏப்ரலில்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், தலித்துகளுக்கும் பெண்களுக்கும் சுழற்சியில் இட ஒதுக்கீடு உண்டு என்றது சட்டம். இதை மனதில் வைத்துக் கதை எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாற்காலி அப்பன் சொத்து இல்லை என்று சட்டம் சொன்ன வருடத்தில், அப்பன் சொத்துதான் என்று கொட்டகை நிறையக் கைதட்டினோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவரை உட்காரவே விடவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் உடன் சென்றவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இன்னும் பார்க்கிறேன்? கவுண்டமணிக்காக. அதையும் படித்துப் பார்த்தேன். செந்தில் அப்பா, கவுண்டமணி மகன். மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். போன இடத்தில் பெண்ணின் அம்மா அப்பாவுக்குப் பழைய பழக்கம். சகலமும் வெளிச்சத்துக்கு வரும்போது அந்த வீட்டுக்காரர் ஓரமாக உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருக்கிறார். ‘மிக்சர் சாப்பிடுகிறான்’ என்று இன்று நாம் திட்டுவதெல்லாம் அவர் போட்ட பிச்சை. மையக் கதை அப்பன் பேச்சே வேதம், வம்சமே தகுதி என்று நெஞ்சை நிமிர்த்துகிறது. பக்கத்துக் காட்சியிலோ மகன் அப்பனை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதே தெரியவில்லை. பெரிய வீட்டு வம்சப் பெருமையை அதே படம் சந்தி சிரிக்க வைக்கிறது. நம் சிரிப்பில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். இன்னொரு பங்கு, நடத்தை கெட்டவள் என்று ஒரு பெண்ணைக் காட்டிச் சிரிப்பது. இரண்டும் ஒரே காட்சியில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

புறக்கணித்துவிடலாமே என்பவர்களுக்கு மாரி செல்வராஜை நினைவூட்டுவேன். 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தை அவர் தள்ளிவைக்கவில்லை. அதில் வடிவேலு நடித்த இசக்கியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்று 2023இல் கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே சொன்னார். அதே வடிவேலுவைச் சட்டமன்ற உறுப்பினராக்கி, ஆதிக்க சாதி வீட்டில் அவர் நின்றுகொண்டே பேசுவதைக் காட்டினார். மகன் அப்பாவை உட்காரச் சொல்கிறான். ஒரு நாற்காலிக்காகத்தான் அந்தப் படத்தின் மொத்தச் சண்டையும் வெடிக்கிறது.