21 நாள் கணக்கு தப்புக் கணக்கு

நேற்றுக் காலை நொச்சிக்குப்பம் மீன் அங்காடி வாசலில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். செங்கல்பட்டுப் பக்கம் பன்றிப் பண்ணை ஆரம்பிக்கப் போகிறாராம். போனில் ஒரு வீடியோ காட்டினார். ஈன்ற 21ஆம் நாளே குட்டிகளைப் பிரித்துவிட்டால் வருஷத்துக்கு ஈற்று கூடும் என்கிறது அது. "தாய் தாங்குமாப்பா?" என்றேன். "பன்னிக்கு என்ன சார் தெரியும்? ரெண்டு நாள் கத்தும், அப்புறம் மறந்துடும்" என்றார்.

அவருக்கு உயிரியல் நடத்தியவன் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

பன்றிக்குத் தெரிகிறதோ இல்லையோ, அதன் உடம்புக்குத் தெரியும். பயம், நெருக்கடி வந்தால் மூளை பிட்யூட்டரிக்குச் சொல்லும், அது அட்ரீனலுக்குச் சொல்லும், ரத்தத்தில் கார்டிசால் ஏறும். நமக்கும் இதே ஏற்பாடுதான். குட்டியைப் பிரிக்கும் நாளில் தாய்க்குப் புதுக் கொட்டில், தீனி மாற்றம், பால் கட்டிய மடி, முன்பின் தெரியாத பன்றிகளோடு சண்டை எல்லாம் ஒன்றாக வருகிறது. இந்த நெருக்கடி நீடித்தால், சினைமுட்டை வெளிவரத் தேவையான ஹார்மோன் அமுங்கும். பருவம் தள்ளிப்போகும்.

சினிமாவில் வருகிற தாய்ப்பாசக் கதை சொல்ல வரவில்லை. திறந்த வெளியில் விட்டால் தாய்ப் பன்றியே கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டிகளை விட்டு விலகும். மூன்று நான்கு மாதத்தில் பால்குடி தானாக மறக்கும். விலகவும் இடமில்லாமல் அடைத்துவைத்து, பிறகு ஒரே நாளில் பிடுங்குவதைத்தான் தப்பு என்கிறேன்.

லாபம் என்பீர்கள். சரி, கணக்கே போடுவோம். சினைக்காலம் 114 நாள். பால் 21 நாள். மறுபடி பருவத்துக்கு வர ஒரு வாரம். மொத்தம் 142. நம் ஊர் வழக்கப்படி 42 நாள் பால் கொடுத்தால் 163. மிச்சம் 21 நாள். பன்றியின் பருவச் சுழற்சி எத்தனை நாள் தெரியுமா? அதுவும் 21தான். ஒரே ஒரு பருவம் தவறினால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போச்சு! கர்ப்பப்பை பழைய நிலைக்கு வரவே மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டால் அடுத்த ஈற்றில் குட்டியும் குறையும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலேயே 28 நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. குட்டிகளுக்குச் சுத்தப்படுத்திய தனிக் கொட்டில் இருந்தால் மட்டும் 21க்கு விலக்கு. நம் நாட்டிலும் 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. தாய் தாண்டிப் போகவும் குட்டி தாண்ட முடியாமலும் ஒரு குட்டைச் சுவர். இரண்டாம் வாரத்திலிருந்து குட்டிக்குத் தீவனப் பழக்கம். பிரிக்கும்போது குட்டிகளைப் பழைய இடத்திலேயே விட்டுத் தாயை மாற்றுங்கள். அந்நியப் பன்றிகளோடு உடனே கலக்காதீர்கள்.

தம்பி, வீடியோவை மூடிவிட்டுக் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வா. "பன்னிக்கு என்ன தெரியும்" என்று இன்னொரு தரம் சொல்லாதே. தெரியாமல் பேசுவது பன்றி இல்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.