விரல் தேய்ந்தவனுக்கு வோட்டுக் கிடையாதா?

தோழர்களே! ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வந்தபின் பட்ட பாட்டை நாற்று நடும் பெண்களைக் கேளுங்கள். சேற்றிலும் உரத்திலும் தேய்ந்த விரலை வைக்கிறாள், கருவி ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறாள், அப்போதும் இல்லை. அறுந்த இழையை முடிந்து முடிந்தே ரேகை மழுங்கிய ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

இந்தக் கருவியை வாக்குச் சாவடி வாசலிலும் நிறுத்தவேண்டும் என்கிறார்கள் சில கனவான்கள். கள்ள வோட்டு ஒழியுமாம்!

கள்ள வோட்டுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பண்ணையாரின் அடியாள் சேரி மக்களின் வோட்டைத் தானே குத்திய காலம் நமக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த அடியாள் யார் என்று ஊருக்கே தெரியும். அவனைத் தடுக்கக் கருவியா தேவைப்பட்டது? துணிந்த அதிகாரி ஒருவன் தேவைப்பட்டான்; அவன்தான் இல்லை.

நைஜீரியாவைப் பாருங்கள். 2015 மார்ச் 28-ல் ஜனாதிபதித் தேர்தல். பதவியிலிருந்த ஜனாதிபதி குட்லக் ஜோனத்தனின் விரலையே கருவி ஏற்கவில்லை! பல சாவடிகளிலும் இதே கோளாறு. கடைசியில் கையால் பதிய அனுமதித்தார்கள். ஜனாதிபதிக்காக அதிகாரிகள் காத்து நிற்பார்கள். ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் நமக்காக யார் நிற்பார்?

கென்யாவில் 2017 ஆகஸ்ட் 8-ல் வாசலில் விரல் பார்த்தார்கள். செப்டம்பர் 1-ல் அந்த ஜனாதிபதித் தேர்தலே செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். கோளாறு முடிவுகளை அனுப்பிய விதத்தில் இருந்தது. சர்வரைத் திறந்து காட்டச் சொன்ன உத்தரவுக்குக்கூடத் தேர்தல் கமிஷன் முழுதாக இணங்கவில்லை. வாசலில் காவல் வைத்துவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதை!

நம் நாட்டில் 2015-ல் ஆதாரை வாக்காளர் பட்டியலோடு இணைக்கத் தொடங்கினார்கள். சுப்ரீம் கோர்ட் உத்தரவால் அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2018-ல் தெலுங்கானாவில் சாவடிக்குப் போன ஏராளமான பேருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. தலைமைத் தேர்தல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பால் வோட்டுத் திரும்புமா? 2021 டிசம்பரில் மறுபடியும் இணைப்புச் சட்டம். லோக்சபையில் ஒரே நாளில் நிறைவேறியது. கட்டாயமில்லை என்று 2023-ல் தேர்தல் கமிஷன் கோர்ட்டில் சொன்னது. அந்தச் சொல்லை நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கேட்போம். கூலிக்காரனின் விரலைத் தடவிப் பார்க்கச் சொல்லும் கனவான்கள், கட்சிகளுக்குக் கோடிகோடியாகக் கொட்டிய முதலாளியின் பெயரை மட்டும் ஏன் மறைத்தார்கள்? 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்யும்வரை அந்த ரகசியம் சட்டமாகவே இருந்தது!

தோழர்களே, ஒவ்வொரு தெருவிலும் வாக்காளர் பட்டியலை உரக்கப் படியுங்கள். பெயர் விடுபட்டவரை உட்காரவைத்துப் படிவம் 6 எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நம் ஊழியர் எழுதித் தருவார்.