கூந்தலும் கடிவாளமும்

புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் உயிருக்கு அடுத்தபடியாக எழும் கவலை, "தலைமுடி போய்விடுமே!" என்பதுதான். இதைக் கேட்டு நகைத்தல் தகாது. கூந்தலை மங்கலத்தோடு பிணைத்து, மழித்த தலையைக் கைம்மைக் கோலமாக்கி வைத்திருந்த சமூகம் நம்முடையது. வேண்டுதலுக்காக மகிழ்ந்து முடியிறக்குகிறவர்கள்கூட, வியாதியால் அது உதிர்ந்தால் வெளியே தலைகாட்டக் கூசுகிறார்கள்.

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குபவை. மயிர்க்கால் அணுக்களும் அவ்வினத்தவையே. ஆதலால் முடி கொட்டுகிறது. இம்யூனோதெரபி என்னும் புதிய சிகிச்சையின் வழி வேறு. நமது இரத்தத்திலுள்ள காவல் அணுக்களுக்குச் சரீரம் இயற்கையாகவே ஒரு கடிவாளம் பூட்டியிருக்கிறது. அதைத் தளர்த்தி, அவ்வணுக்களையே புற்றின்மேல் ஏவுவது இம்முறை. இதற்கு வழிகண்ட ஆலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

கடிவாளம் தளர்ந்த குதிரை சொந்த வயலையும் மிதிப்பதுண்டு. காவல் அணுக்கள் மயிர்க்கால்களைத் தாக்கினால், புழுவெட்டுப் போலத் திட்டுத் திட்டாக முடி உதிரும். இம்மருந்தை மட்டும் பெறுவோரில் நூற்றுக்கு ஓரிருவருக்கே இது நேர்கிறது. கீமோதெரபியும் சேர்ந்தால் உதிர்வு மிகுதி. விந்தை என்னவென்றால், இம்மருந்து பெற்ற 14 நோயாளிகளுக்கு நரைமுடி கறுத்ததென்று 2017-ல் ஸ்பெயின் தேசத்து வைத்தியர்கள் அறிவித்ததும் உண்டு.

உதிர்வை மட்டும் மறைக்கலாகாது. தைராய்டு சுரப்பி பழுதுற்றாலும் முடி உதிரும். சோர்வும் குளிரும் உடன் தோன்றலாம். இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும், மாத்திரையால் சீர்செய்யலாம். புழுவெட்டுக்கும் களிம்பும் ஊசியும் உண்டு. சிகிச்சையைத் தாமாகவே நிறுத்துவதும், 'எதிர்ப்புச் சக்தி' லேகியங்களை வைத்தியர் அறியாமல் உண்பதும் ஆபத்தாகும்.

1886-ல் நமது புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சில் ஏந்தி, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அவர் பிறந்த சீமையில், முடிக்கு அஞ்சி ஒரு பெண் சிகிச்சையைத் தள்ளிப்போட்டாள் என்ற சொல் எழலாகாது. நலம் விசாரிக்கச் செல்வோருக்கும் நமது வேண்டுகோள் ஒன்றே: நோயாளியின் தலையைப் பாராதீர்கள், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.