உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

பழைய ஜேபிக் கடிகாரம் ஒன்று கைக்கு வந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? உறையை உரைத்துப் பார்க்கிறோம். தங்கம் என்று தெரிந்தால் உருக்கக் கொடுத்துவிட்டு, யந்திரத்தைப் பழைய டப்பாவில் போட்டுவிடுகிறோம். இது பெரிய அநியாயம் என்பேன்.

கடிகாரம் என்பது யந்திரம்தான். உறை அதன் சட்டை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்று ஓர் ஊர். அங்கே 1850-களில் தொடங்கி 1957 வரை கோடிக்கணக்கில் கடிகாரங்கள் செய்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு உறை செய்தவர்கள் வேறு கம்பெனிக்காரர்கள். உறையில் உள்ள எண்ணை வைத்து வயதைக் கணிப்பது, சட்டையைப் பார்த்து ஜாதகம் எழுதுவது போலத்தான்!

பார்க்க வேண்டியது யந்திரத்தின் தகட்டில் வெட்டியிருக்கும் எண்ணை. அதை வைத்து மாடல், சைஸ், ரகம் எல்லாம் அறியப் பட்டியல்கள் இருக்கின்றன. தகட்டில் 'பி. எஸ். பார்ட்லெட்' என்றிருந்தால் யாரோ சொந்தக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவரின் பெயரை ஒரு ரகத்துக்கு வைத்தார்கள். '1883 மாடல்' என்றால் 1883-ல் செய்தது என்றும் பொருளல்ல. அதற்குப் பல ஆண்டுகள் பின்னும் அதே மாடலைச் செய்தார்கள். 1892 மாடலிலும் 18 சைஸ் உண்டு; உள்ளமைப்பு வேறு. ஆகவே, பேலன்ஸ் ஸ்டாஃப் உடைந்தால் சைஸை மட்டும் சொல்லி உதிரி கேட்பது வீண்.

இதை அறியாமல் கை வைப்பதால் வரும் வினை சொல்லி முடியாது. மெயின் ஸ்பிரிங் திடீரென அறுந்தால், அது அடங்கிய டிரம் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையில் பற்கள் முறியாமல் இருக்க, நடுச் சக்கரத்தின் பினியனைத் திருகாணிபோல் அமைத்தார்கள். உதை விழுந்ததும் அது தானே கழன்று சுற்றிவிடும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! என்னிடம் உள்ள வால்தத்தில் அந்தப் பினியனை யாரோ ஒரு புண்ணியவான், ஆடுகிறதே என்று ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். அடுத்த முறை ஸ்பிரிங் அறுந்தபோது டிரம்மில் மூன்று பற்கள் போயின.

புது டிரம் இன்று எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. பல மாதம் அலைந்தேன். கடைசியில் கிடைத்தது எங்கிருந்து என்கிறீர்கள்? தங்க உறையை உருக்கிவிட்டு யாரோ டப்பாவில் போட்டுவைத்த யந்திரத்திலிருந்துதான். ஆனாலும் உருக்கியவரை வாழ்த்த மனம் வரவில்லை.