பேராக்கில் ஐந்தாறு பேர்: அரிய நோய்க்குப் பதிவேடுகளை இணைக்கத்தான் வேண்டும்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பேராக்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 லட்சம். ஒரு நோய் லட்சம் பேரில் 2 பேருக்குத்தான் வரும் என்றால், மாநிலம் முழுவதிலும் 50 நோயாளிகள் இருப்பார்கள். பேராக் மக்களில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் இந்தியர்கள். ஆக, அந்த 50 பேரில் நம்மவர் ஐந்தாறு பேர். லகாட் போன்ற ஒரு சிற்றூரில் யாருமே இல்லாமல் போகலாம். இருந்தால் அநேகமாக ஒரே ஒருவர்.

லட்சத்துக்கு 2 என்பது கற்பனை எண் அல்ல. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்றொரு நோய் இருக்கிறது. சுருக்கமாக என்.எம்.ஓ. என்பார்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் நரம்பியல் நிபுணர் சாந்தி விசுவநாதனும் சக ஆய்வாளரும் நாடு முழுவதுமிருந்து விவரம் திரட்டி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய்க்குக் கிடைத்த விகிதம் கிட்டத்தட்ட அதுதான். மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடம் அது கூடுதலாக இருப்பதும் அப்போது தெரிந்தது. ஒரே மருத்துவமனையின் கோப்புகளை மட்டும் புரட்டியிருந்தால், இந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல ஆள் போதாது.

என்.எம்.ஓ. ஒரு தன்னுடல் தாக்குநோய். கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், சொந்த உடலையே எதிரியாக எண்ணித் தாக்குகின்றன. உயிரணுக்களுக்குள் நீர் போய்வர அக்குவாபோரின் என்ற புரதத்தாலான நுண்ணிய வாய்க்கால்கள் உண்டு. (அவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஏக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) மூளையிலும் முதுகுத்தண்டிலும் கண் நரம்பிலும் உள்ள அக்குவாபோரின்-4 தான் இந்நோயின் இலக்கு. சில நாள்களிலேயே பார்வை மங்கும், கால் மரத்துப்போகும். சிலருக்கு விக்கல் நாள்கணக்கில் நிற்காது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் பார்வையிலோ நடையிலோ ஒரு பகுதி திரும்பாமலே போய்விடலாம்.

இப்போது லகாட்டில் இருக்கும் அந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். விக்கலுக்குப் பக்கத்துக் கிளினிக், கண்ணுக்கு ஈப்போவில் கண் மருத்துவர், காலுக்கு இன்னோர் இடம். மூன்று இடத்திலும் மூன்று கோப்பு. எந்தக் கோப்பிலும் நோயின் முழு உருவம் இருக்காது.

ஒரு மனிதருக்கு நடப்பதுதான் நாடுகளுக்கும் நடந்தது. 1894இல் பிரான்சில் டெவிக் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. பிறகு பல காலம் இதை மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற வேறொரு நரம்பு நோயின் ஒரு வகை என்றே பலர் நினைத்தார்கள். ஜப்பானில் அதைக் ‘கண்-முதுகுத்தண்டு வகை மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்’ என்று எழுதி வந்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வாண்டா லெனனின் குழு, ஜப்பானிய மருத்துவர்களோடு சேர்ந்து, இரு தரப்பு நோயாளிகளின் இரத்தத்தையும் சோதித்தது. இரண்டிலும் ஒரே எதிர்ப்பொருள்! இரண்டு நாட்டுக் கோப்புகளில் இரண்டு பெயரோடு கிடந்தது ஒரே நோய்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸுக்குக் கொடுக்கும் பீட்டா இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடும். பெயர் மாறினால் மருந்து மாறிவிடும். மருந்து மாறினால் கண் போகலாம். சரியான மருந்தைக் கண்டுபிடிப்பதும் தனியொரு நாட்டால் ஆகிற காரியமல்ல. எகுலிசுமாப் என்ற மருந்தை இந்நோய்க்குச் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். அதில் பங்கேற்றவர்கள் 143 பேர்தான். அந்த 143 பேரைச் சேர்க்க 18 நாடுகள் தேவைப்பட்டன.

அதனால் மலேசியாவின் பதிவேடு அண்டை நாடுகளின் பதிவேடுகளோடு இணைய வேண்டும் என்பது என் கருத்து. தென்னிந்தியாவில் மங்களூரில் லேகா பண்டிட் இத்தகைய நோய்களுக்கென ஒரு பதிவேட்டை நடத்தி வருகிறார். நமக்கு இயல்பான துணை அது.

எதிர்ப்பும் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்த உங்களில் பலருக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெயரை நீக்கிவிட்டாலும், ‘லகாட், இந்தியப் பெண், 42 வயது, என்.எம்.ஓ.’ என்று ஒரு வரி வெளியே போனால் போதும், ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால், இணைப்பது என்றால் எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் கொட்டுவது என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவில் ஃபேர்வாஸ்க் என்ற திட்டம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. இரத்தக்குழாய்களைத் தாக்கும் ஓர் அரிய தன்னுடல் தாக்குநோய்க்கான பதிவேடுகள் அங்கே அந்தந்த நாட்டிலேயே இருக்கின்றன. முதலில் எல்லோரும் ஒரே சொற்களில் எழுத ஒப்புக்கொண்டார்கள். (உண்மையில் கடினமான வேலை இதுதான், கணினி வேலை அதற்குப் பிறகுதான்.) கேள்வி மட்டும் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் போகிறது, தொகுத்த எண்கள் மட்டும் திரும்பி வருகின்றன. இப்படி ஆறு பதிவேடுகளிலிருந்து 3,800க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, அந்நோயாளிகளை ஐந்து பிரிவுகளாக வகுக்கலாம் என்று 2024இல் வெளியிட்டார்கள்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய ஏற்பாடுகளில், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடாது என்று மிகச் சிறிய எண்களை மறைத்துவிடுவது வழக்கம். ஐந்துக்குக் கீழே வந்தால் விடை வராது என்று வைத்துக்கொள்வோம். பேராக் இந்தியர்களில் என்.எம்.ஓ. உள்ளவர்கள் ஐந்தாறு பேர். அவர்களை வயது வாரியாகப் பிரித்தாலே கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். நம்மைக் காக்கும் அதே விதி நம்மைக் காணாமலும் ஆக்குகிறது. மங்களூர், தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் என்று கேள்வி விரிந்தால்தான் நம்மவர் கூட்டம் விடை வருமளவுக்குப் பெரிதாகும். பெரிய இனங்களுக்கு இணைப்பு ஒரு வசதி, நமக்கு அது தேவை.

உங்களில் பலர் பாட்டியோடு கிளினிக்குக்குப் போய், படிவத்தைப் படித்துத் தமிழில் சொல்பவர்கள். ஆய்வுக்குச் சம்மதம் கேட்கும் தாள் வந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். கோப்பு இங்கேயே இருக்குமா, வெளியே போகுமா? வெளிநாட்டு ஆய்வாளர் கேள்வி அனுப்பினால் எந்த அளவுக்குக் குறைந்த எண்ணை மறைப்பீர்கள்? தாளை நீட்டுபவருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்து அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.