தேர்வு முடியட்டும் என்று நோய் காத்திருப்பதில்லை



வகுப்பறையில் நடந்ததை வெளியில் எழுதுவது எனக்கு உவப்பான செயலன்று. இரண்டு வாரம் யோசித்த பிறகே எழுதுகிறேன். மாணவி யார் என்று எவரும் அறிய இயலாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொல்ல வந்த செய்தியில் மாற்றம் இல்லை.

தொடக்கநிலை ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு 'என் செல்லப்பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். இத்தலைப்பில் வரும் கட்டுரைகள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருக்கும். நாய்க்கு நான்கு கால்கள், ஒரு வால், அது நன்றியுள்ள பிராணி, வீட்டைக் காக்கும், முற்றும். குற்றம் மாணவர்களுடையதன்று. மாதிரிக் கட்டுரையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்ன எங்களுடையது.

ஒரு மாணவி மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தாள். தன் நாயின் தாடைக்குக் கீழே இரு பக்கமும் எலுமிச்சங்காய் அளவில் கட்டிகள் வந்திருக்கின்றனவாம். மருத்துவர் அதை நிணநீர்ப் புற்றுநோய் என்றாராம். தட்டில் வைத்ததை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறதாம். அப்போது தானும் அதன் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வதாக எழுதியிருந்தாள். பதினொரு எழுத்துப்பிழைகள் இருந்தன. நான் ஒன்றையும் சுழிக்கவில்லை.

ஜூலை இறுதியில் அவளுடைய தாயாரைச் சந்திக்க நேர்ந்தது. "ஐயா, அவ நாயே கதின்னு கிடக்கிறா. பிஎஸ்எல்இ முடியிற வரைக்கும் அதை வேற எங்கயாவது விட்டுடலாம்னு இருக்கோம். பிள்ளை படிக்கட்டும். நீங்க அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்றார். அருகிலிருந்த சக ஆசிரியர் ஒருவர், "நல்ல முடிவு. அது நாய்தானே?" என்றார்.

அது நாய்தானே. பிள்ளை படிக்கட்டும். பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இந்த மூன்று வாக்கியங்களுக்கும் எதிராகவே இப்பதிவை எழுதுகிறேன்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் நாய் என்பது வசைச்சொல்லாகவும் வழங்குகிறது, உண்மைதான். ஆயினும் அதே தமிழர்தாம் பாரதக் கதையில் தருமன் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். திருக்குறளில் அருளுடைமை, இன்னாசெய்யாமை ஆகிய அதிகாரங்களை நாமே கற்பிக்கிறோம். அவ்வதிகாரங்களில் நாய்க்கு விலக்கு அளித்திருப்பதாக நான் படித்ததில்லை.

கதையும் செய்யுளும் போதாது என்பீர்களானால் திருவண்ணாமலைக்குச் செல்லுங்கள். ரமணாசிரமத்தில் இலட்சுமி என்ற பசுவின் சமாதிக்கு அருகில் ஜாக்கி என்ற நாயின் சமாதியும் இருக்கிறது. ஜாக்கி நோயுற்றபோது ரமணர் அதற்கு மெத்தென்ற படுக்கை அமைத்துக் கொடுத்து, அதன் உடலிலிருந்து துர்நாற்றம் வீசிய நிலையிலும் அணைத்துத் தடவிக்கொடுத்தார் என்று உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். அந்நாய்க்கு வந்தது புற்றுநோய் என்று நான் கூறவில்லை. ஆனால் ரமணரே 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மறைந்தது கையில் தோன்றிய புற்றுக்கட்டியினால்தான். 'அது நாய்தானே' என்று அங்கு எவரும் சொல்லியிருந்தால் அவருக்கு அச்சொல் விளங்கியிருக்குமா என்பது ஐயமே.

நாயை வீட்டில் வளர்க்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய சமய ஒழுக்கத்தை நான் வினவவில்லை. வளர்ப்போம் என்று முடிவு செய்து, உரிமம் எடுத்து, பத்து ஆண்டு அதன் அன்பைப் பெற்றுக்கொண்டவர்களிடம் மட்டுமே பேசுகிறேன். நாய் நன்றியுள்ளது என்று எழுதினால் மதிப்பெண் போடுகிறோம். வளர்த்தவர் நன்றியுள்ளவரா என்று எந்த வினாத்தாளிலும் கேட்பதில்லை.

அடுத்தது, 'பிள்ளை படிக்கட்டும்'. இதில் முதலில் கணக்கே பொருந்தவில்லை. எழுத்துத் தேர்வுகள் செப்டம்பர் இறுதியில் வருகின்றன. நாய்க்கு வரும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சையே அளிக்காவிட்டால் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் முடிவு வந்துவிடும். பிரட்னிசோலோன் மாத்திரை மட்டும் கொடுத்தால் இரண்டு மூன்று மாதங்கள் கிடைக்கலாம். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் வேதிச்சிகிச்சையால் ஏறத்தாழ ஓராண்டு கிடைக்கக்கூடும். முழுக் குணம் அரிது. ஆகவே 'தேர்வு முடியும்வரை வேறிடத்தில்' என்பதன் நேரான பொருள், அந்த நாய் முன்பின் அறியாதவர் நடுவே சாகும் என்பதே.

அந்த 'வேறெங்காவது' என்னும் சொல்லும் அச்சம் தருகிறது. நல்ல மனம் படைத்த ஒருவரிடம் முறைப்படி ஒப்படைப்பது ஒன்று. எங்கோ கொண்டுபோய் விட்டுவருவது வேறு. 2014இல் நம் விலங்குகள், பறவைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, வளர்ப்பவர் தக்க உணவும் நீரும் உறைவிடமும் தரவேண்டும் என்பது சட்டக் கடமையாயிற்று. தக்க காரணமின்றிக் கைவிடுவோருக்கு முதல் குற்றத்திற்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்க அதில் இடமிருக்கிறது. நோய் வந்தது என்பது தக்க காரணமாகுமா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, அந்த மாணவி நாயின் பக்கத்தில் படுத்திருக்கும் நேரத்தில் எதையும் படிக்கவில்லையா? பாடநூல் அவளுக்குக் கற்றுத் தராதவற்றை நான் இங்கே பட்டியலிடுகிறேன். பெற்றோர் இதைப் பிள்ளையுடன் சேர்ந்தே படிக்கலாம்.

உணவை இளஞ்சூடாக்கி வைத்தால் மணம் எழும். பசி மங்கிய நாய் மணத்தால்தான் ஈர்க்கப்படும். ஒரே வேளையில் தட்டு நிறைய வைப்பதைக் காட்டிலும் சிறிது சிறிதாகப் பலமுறை வைப்பது நன்று. உப்பும் மசாலையும் இன்றி அவித்து எலும்பு நீக்கிய கோழி, சற்றுக் குழைந்த சோறு, மணத்திற்குச் சிறிது ஈரல் ஆகியவை பல நாய்களுக்குப் பிடிக்கும். ஈரலைத் தேக்கா ஈரச்சந்தையில் வாங்கலாம். குமட்டல் இருக்கும்போது வற்புறுத்தி ஊட்டினால், அந்த உணவையே நாய் வெறுக்கத் தொடங்கிவிடும். கசப்பு மாத்திரையை அதற்கு மிகவும் பிடித்த உணவில் ஒளித்து வைப்பதும் அதே விளைவைத் தரலாம். குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் நாய்களுக்கென்றே மருந்துகள் உள்ளன. மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டா.

நம் வீட்டு மிச்சத்தை இரக்கத்தால் போடாதீர்கள். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலுள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சைலிட்டால் சேர்த்த சர்க்கரையற்ற மிட்டாயும் சாக்லேட்டும் நஞ்சு. வலி தாங்காமல் முனகுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலையோ ஐபுபுரோஃபெனையோ கொடுப்பது பேராபத்து. வேதிச்சிகிச்சையின்போது பச்சை இறைச்சி வேண்டா. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியிருக்கும். மருந்து கொடுத்த பின் சில நாள்களுக்கு நாயின் சிறுநீரையும் கழிவையும் பெரியவர்கள் கையுறை அணிந்து அகற்ற வேண்டும். அந்த மாத்திரையைப் பிள்ளைகள் தொடலாகாது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. இந்நோய்க்குத் தரும் மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். அது நம் ஊரில் கோயில் நந்தவனத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. செடியின் தாயகம் மடகாஸ்கர். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அது மருந்துக்காகப் பயிரிடப்படுகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கும் நாயின் நிணநீர்ப் புற்றுக்கும் அதே மருந்துதான். (செடியைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.) ஒரு மாணவி நாயின் பொருட்டு இதை அறிந்துகொண்டால், அதைப் படிப்பு என்று ஒப்புக்கொள்ள நமக்கு என்ன தடை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் நோயுற்ற நாய்க்கு ஊட்டுபவரும், இரவில் எழுந்து அதன் ஈரத்துணியை மாற்றுபவரும், இல்லப் பணிப்பெண்தான். தன் பிள்ளைகளை வேறு நாட்டில் விட்டு வந்தவர் அவர். நாய் இறந்தால் முதலில் அழுபவரும் அவராகவே இருப்பார். வீட்டுப் பிள்ளையோ துணைப்பாட வகுப்பில் இருக்கும். அன்பு செய்வதையும் சம்பளம் கொடுத்து ஒப்படைத்துவிட்டோம் என்பதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாளை நாம் படுக்கையில் விழும்போது அது எதைச் செய்யும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

மூன்றாவது வாக்கியம், 'பிள்ளையிடம் சொல்லாதீர்கள்'. இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஏனெனில் இக்குற்றத்தை நான் செய்தவன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. அதற்கு மண்ணீரலில் புற்றுக்கட்டி. அப்போது என் மகனுக்குத் தேர்வுக்காலம். அவன் அறைக்கதவை மூடிவிட்டு நானும் என் மனைவியும் நாயைக் கவனித்தோம். 'வயிறு சரியில்லை' என்று மட்டும் அவனிடம் சொன்னோம். அவன் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் அது இறந்தது. பெரிய வீடு உள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டதாக அவனிடம் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, இழுப்பறையில் வேறெதையோ தேடியபோது தகனச் சீட்டு அவன் கையில் அகப்பட்டது. அவன் கோபிக்கவில்லை. "அப்பா, அன்னிக்கு அது என்னைத் தேடியிருக்குமே" என்று மட்டும் கேட்டான். அதற்கு என்னிடம் இன்றுவரை விடையில்லை. அவன் அத்தேர்வில் நல்ல மதிப்பெண்தான் எடுத்தான். எத்தனை என்பது எனக்கு இப்போது நினைவில்லை.

நிற்க. என் கருத்துக்கு வரும் மறுப்புகளையும் நான் அறிவேன்.

'செலவு யார் செய்வது?' நியாயமான கேள்வி. வேதிச்சிகிச்சைக்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகலாம். விரைவு ரயிலிலும் பேருந்திலும் நாயை ஏற்ற இயலாது. மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்கு அழ வேண்டும். கடன் வாங்கியேனும் சிகிச்சை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. வலியையும் குமட்டலையும் தணித்து, உடனிருந்து வழியனுப்புவதும் மருத்துவமே. பணம் இல்லாதது இழிவன்று. பணம் இல்லை என்பதைப் பிள்ளையிடம் சொல்லவும் செய்யலாம். பன்னிரண்டு வயதுக்கு அது புரியும்.

'ஊசி போட்டுக் கொல்வது பாவமன்றோ?' 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை ஊசி மூலம் உயிர் நீக்கச் செய்தார் காந்தியடிகள். கண்டனங்கள் குவிந்தன. வேறு எவ்வகையிலும் துயர் துடைக்க இயலாத நிலையில் அதுவும் அகிம்சையே என்று அவர் வாதிட்டார். அவரோடு நீங்கள் உடன்படலாம், படாமலும் இருக்கலாம். முடிவு எடுக்க ஓர் அளவுகோல் வேண்டுமெனில், அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அட்டவணை உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்னும் ஏழு கேள்விகளுக்கும் மதிப்பெண் இடுவது அது. நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு குறுக்குக்கோடு போடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம்.

'மனிதர்கள் பசித்திருக்க நாய்க்கு ஈரலா?' நாய்க்கு வைக்காத ஈரல் பசித்த மனிதரிடம் போய்ச் சேர்ந்ததை இதுவரை நான் கண்டதில்லை. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் கொடுப்பதில்லை.

அன்று மாலை அந்தத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து என் மகனின் கதையைச் சொன்னேன். நீண்ட நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அவங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். நாய் இன்னும் அவ்வீட்டில் இருக்கிறது. மாத்திரை மட்டும் கொடுக்கிறார்களாம். எத்தனை நாள் என்று எவருக்கும் தெரியாது. மாணவி காலையில் வகுப்பிற்கு வந்ததும், நாய் நேற்று எத்தனை கரண்டி சாப்பிட்டது என்று என்னிடம் சொல்கிறாள். நேற்று முன்தினம் மூன்று. நேற்று ஒன்று.

ஆசிரிய நண்பர்களே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். பாடத்தைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் கேளுங்கள். பெற்றோர்களே, கிண்ணத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுக. என் சக ஆசிரியரும் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சேர்த்தே எழுதினேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்